அழிவுக்குத் தப்பிய ஏடுகள்



ஓர் அரசாங்க நிறுவனம் இருபது ஆண்டுக் காலம் ஒரு செயலை மறைவாகச் செய்கிறது. செய்து முடித்தபின், அச்செயலுக்குச் சான்றான தாள்களையெல்லாம் அழித்துவிடும்படி அதன் தலைவர் கட்டளையிடுகிறார். தாள்கள் அழிகின்றன. இனி யாரும் அறிய முடியாது என்று அவர் எண்ணுகிறார். ஆனால் அதே நிறுவனத்தின் கணக்குப் பிரிவினர், தம் வழக்கப்படி, பழைய பற்றுச்சீட்டுகளையும் செலவுக் கணக்குகளையும் பெட்டிகளில் கட்டி, ஊருக்கு வெளியே உள்ள பழைய ஏடுகளின் கிடங்கிற்கு முன்னமே அனுப்பிவிட்டனர். நான்கு ஆண்டுகள் கழிந்தபின் அந்தப் பெட்டிகள் திறக்கப்படுகின்றன. மறைத்தவை வெளிப்படுகின்றன.

இது துப்பறியும் கதையன்று. அமெரிக்க நாட்டில் 1977ஆம் ஆண்டில் நடந்த உண்மை. அந்த நிறுவனம் சி.ஐ.ஏ. எனப்படும் மத்திய உளவு நிறுவனம். அத்திட்டத்தின் பெயர் எம்.கே.அல்ட்ரா. அதன் நோக்கம் மனிதரின் மனத்தைப் பிறர் வசப்படுத்தும் வழியைக் கண்டறிவது.

இவ்வேடுகள் சொல்லும் செய்தி யாது? அவற்றை எவ்வாறு படித்தல் வேண்டும்? பல்கலைக்கழகத்தில் பயிலும் நமக்கு அவற்றால் என்ன பாடம்? இம்மூன்று வினாக்களுக்கும் விடை காண முயல்வோம்.

1. அச்சம் பிறந்த காலம்

ஒரு செயலை அறிய, அது பிறந்த காலத்தை முதலில் அறிதல் வேண்டும். இரண்டாம் உலகப் போர் 1945இல் முடிந்தது. போர் முடிந்தும் அமைதி வரவில்லை. அமெரிக்காவும் சோவியத் நாடும் ஒன்றையொன்று ஐயுற்று நின்றன. 1949இல் அங்கேரி நாட்டில் கர்தினால் மிண்ட்செந்தி என்னும் சமயத் தலைவர் நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டார். தாம் செய்திருக்கவே முடியாது என்று பிறர் கருதிய குற்றங்களை அவர் ஒப்புக்கொண்டார். அவர் முகத்தையும் குரலையும் கவனித்த மேலைநாட்டார், மருந்தோ மனோவசியமோ இதற்குக் காரணமாக இருக்க வேண்டும் என்று எண்ணினர்.

அடுத்து வந்தது கொரியப் போர். 1950 முதல் 1953 வரை நடந்த அப்போரில் சிறைப்பட்ட அமெரிக்க விமானிகள் சிலர், தாங்கள் நோய்க்கிருமிக் குண்டுகளை வீசியதாக வாக்குமூலம் தந்தனர். போர் முடிந்தபோது சிறைப்பட்டோருள் 21 அமெரிக்கர் தாய்நாடு திரும்ப மறுத்துவிட்டனர். 'மூளைச் சலவை' என்னும் சொல் ஆங்கிலத்தில் பரவியது அந்நாளில்தான். எட்வர்டு ஹண்டர் என்னும் செய்தியாளர் 1950இல் அச்சொல்லைப் பரப்பினார்.

பகைவரிடம் மனத்தை மாற்றும் கருவி ஒன்று இருக்கிறது; அது நம்மிடம் இல்லை. இந்த அச்சமே எல்லாவற்றிற்கும் வித்து. அப்படி ஒரு கருவி பகைவரிடம் உண்மையில் இருந்ததா? இல்லை. தூங்க விடாமல் வருத்துதல், தனிச் சிறை, பசி, ஓயாத விசாரணை என்னும் பழைய கொடுமைகளே அங்கும் கையாளப்பட்டன. ஆனால் அச்சம் கொண்டவன் ஆராய்ந்து பார்ப்பதில்லை. இல்லாத கருவிக்கு எதிராகத் தானும் ஒரு கருவி செய்யப் புறப்படுகிறான்.

2. திட்டம் உருவான வகை

சி.ஐ.ஏ. 1950இல் 'புளூபேர்ட்' என்னும் திட்டத்தைத் தொடங்கியது. 1951இல் அதற்கு 'ஆர்ட்டிசோக்' என்று பெயர் மாற்றினர். விசாரணைக்கு உட்பட்டவரை மருந்தாலும் அறிதுயிலாலும் உண்மை பேச வைப்பது அதன் நோக்கம். இன்று வெளிவந்துள்ள 1952ஆம் ஆண்டின் குறிப்பொன்று இவ்வாறு வினவுகிறது: ஒருவனை அவன் விருப்பத்திற்கு மாறாக, தன்னுயிரைக் காத்துக்கொள்ளும் இயல்புக்கும் மாறாக, நம் ஏவலைச் செய்ய வைக்க இயலுமா? 1954ஆம் ஆண்டின் குறிப்பு இன்னும் ஒரு படி மேலே செல்கிறது. ஒருவன் தன்னை அறியாமலே கொலை முயற்சியில் இறங்குமாறு செய்ய முடியுமா என்று கேட்கிறது. கேட்டவர்கள் பைத்தியக்காரர்கள் அல்லர். நன்கு படித்த அலுவலர்கள் என்பதை நினைவிற் கொள்ளுங்கள்.

1953 ஏப்ரல் 10ஆம் நாள், சி.ஐ.ஏ.யின் தலைவர் ஆலன் டல்லஸ், பிரின்ஸ்டன் பல்கலைக்கழகப் பழைய மாணவர் கூட்டத்தில் பேசினார். சோவியத் நாட்டார் மூளைப் போர் நடத்துகின்றனர் என்று கடிந்து பேசினார். மூன்று நாள் கழித்து, ஏப்ரல் 13ஆம் நாள், எம்.கே.அல்ட்ரா திட்டத்திற்கு அவரே ஒப்புதல் அளித்தார். மேடையில் எதைப் பழித்தாரோ, அறைக்குள் அதையே தொடங்கி வைத்தார். திட்டத்தை எழுதித் தந்தவர் ரிச்சர்டு ஹெல்ம்ஸ். நடத்தியவர் சிட்னி காட்லீப் என்னும் வேதியியல் அறிஞர்.

திட்டத்தின் பெயரில் பொருள் தேடி அலைய வேண்டியதில்லை. 'எம்.கே.' என்பது தொழில்நுட்பப் பிரிவின் திட்டங்களைக் குறிக்கும் அடையாள எழுத்து. 'அல்ட்ரா' என்பது உலகப் போர்க் காலத்தில் மிக உயர்ந்த இரகசியத்தைக் குறிக்க வழங்கிய சொல். பெயரில் மந்திரம் ஒன்றும் இல்லை.

கருத வேண்டியது வேறொன்று. அப்பிரிவின் ஆராய்ச்சிப் பணத்தில் நூற்றுக்கு 6 பங்கு, கையெழுத்திட்ட ஒப்பந்தமும் வழக்கமான தணிக்கையும் இல்லாமல் இத்திட்டத்திற்குச் செலவாகலாம் என்று டல்லஸ் இசைவு தந்தார். தவறு எப்போதும் ஆய்வுக்கூடத்தில்தான் தொடங்கும் என்பதில்லை. கணக்குக் கேட்பார் இல்லாத இடத்திலும் தொடங்கும்.

3. எல்.எஸ்.டி.யும் அதைத் தேடிய கைகளும்

சுவிட்சர்லாந்தில் பாசெல் நகரில் சாண்டோஸ் என்னும் மருந்து நிறுவனம் இருந்தது. அங்கே ஆல்பர்ட் ஹாப்மன் என்னும் வேதியியலார், தானியக் கதிரில் படரும் எர்காட் என்னும் பூஞ்சையின் பொருள்களை ஆராய்ந்து, 1938இல் எல்.எஸ்.டி.யை உண்டாக்கினார். அது மனத்தை எவ்வளவு கலக்கும் என்பதை 1943 ஏப்ரலில், தம் உடலிலேயே கண்டார். ஒரு கிராமை நாலாயிரம் பங்காக வகுத்தால் அதில் ஒரு பங்கே அவர் உண்ட அளவு. நிறமில்லை, மணமில்லை, சுவையில்லை. இத்தகைய பொருள் ஒற்றர் கண்ணில் பட்டால் என்ன ஆகும்? உண்மையைக் கக்க வைக்கும் மருந்து கிடைத்துவிட்டது என்று அவர்கள் மகிழ்ந்தனர்.

ஆய்வு செய்வதற்கு மனிதர் வேண்டும். பல்கலைக்கழகங்கள், மருத்துவமனைகள், சிறைகள் ஆகியவற்றின் ஆய்வாளருக்குப் பணம் கொடுத்தனர். நேரே கொடுக்கவில்லை. 'மனிதச் சூழலியல் ஆராய்ச்சிக் கழகம்' என்பது போன்ற நல்ல பெயர்களைக் கொண்ட அமைப்புகளின் வழியே கொடுத்தனர். பணம் பெற்றவருள் சிலருக்கு உண்மை தெரியும்; பலருக்குத் தெரியாது. பரிசோதனைக்கு ஆளானவருக்கோ ஒன்றுமே தெரியாது.

எஞ்சிய ஏடுகளைக் கொண்டு 1977இல் சி.ஐ.ஏ.யின் அன்றைய தலைவர் கடற்படைத் தளபதி ஸ்டான்ஸ்பீல்டு டர்னர் செனட் சபையின் முன் தந்த கணக்கு இது. துணைத் திட்டங்கள் 149. வெளி ஆய்வாளரும் உதவியாளரும் 185 பேர். தொடர்புடைய நிறுவனங்கள் 80. அவற்றுள் கல்லூரிகளும் பல்கலைக்கழகங்களும் 44, ஆராய்ச்சி அமைப்புகளும் மருந்து நிறுவனங்களும் 15, மருத்துவமனைகள் 12, சிறைச்சாலைகள் 3. தம்மை அறியாதார் மீது சோதனை நடத்தியவை எனத் தெளிவாகத் தெரிந்த துணைத் திட்டங்கள் 6. அறிதுயில் பற்றியவை 8. செப்படி வித்தைக்காரரின் கைத்திறனைப் பற்றியவை 4! ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவர் குவளையில் மருந்தைக் கலப்பது எப்படி என்பதைக் கற்க அது தேவைப்பட்டது.

நாற்பத்து நான்கு என்னும் எண்ணை மீண்டும் ஒரு முறை படியுங்கள். பட்டியலில் முதல் இடம் சிறைக்கன்று, கல்விக்கூடத்திற்கு.

4. எண்களுக்குப் பின்னால் இருந்த மனிதர்

எண்கள் மனத்தில் நில்லா, மனிதர் நிற்பர். ஆதலின் நான்கு செய்திகளைக் காண்போம்.

முதலாவது, பிராங்க் ஆல்சன் என்பவரின் கதை. மேரிலாந்து மாநிலத்தில் டெட்ரிக் முகாமில், நோய்க்கிருமிப் போர் ஆய்வில் பணிபுரிந்த அறிவியலாளர் அவர். 1953 நவம்பர் 19ஆம் நாள், ஏரிக்கரை விடுதி ஒன்றில் அலுவலர் சிலர் கூடினர். அவர்கள் அருந்திய மதுவில் காட்லீப்பின் ஏற்பாட்டால் எல்.எஸ்.டி. கலக்கப்பட்டிருந்தது. குடித்த பிறகே அவர்களுக்குச் சொல்லப்பட்டது. அதன்பின் ஆல்சன் மனம் தடுமாறினார். நவம்பர் 28ஆம் நாள் நியூயார்க்கு நகரத்து விடுதியின் மேல்மாடிச் சாளரத்தின் வழியே விழுந்து இறந்தார். மருந்து பற்றிய செய்தியை 22 ஆண்டுகள் அவர் மனைவி மக்களுக்கு யாரும் சொல்லவில்லை. 1975இல் ஓர் ஆய்வுக் குழுவின் அறிக்கையில், பெயர் குறிக்காமல் வந்த சில வரிகளைப் படித்தே அவர்கள் அறிந்தனர். குடியரசுத் தலைவர் போர்டு அவர்களை அழைத்து வருத்தம் தெரிவித்தார். 1976இல் 7,50,000 டாலர் ஈடாக வழங்கப்பட்டது. ஆல்சன் விழுந்தாரா, குதித்தாரா, தள்ளப்பட்டாரா என்னும் ஐயத்தைக் குடும்பத்தார் எழுப்பினர். 1994இல் உடலைத் தோண்டியெடுத்தும் ஆராய்ந்தனர். முடிவான விடை கிட்டவில்லை.

இரண்டாவது, கென்டக்கி மாநிலத்தின் லெக்சிங்டன் நகரம். அங்கே போதைப் பழக்கத்திற்கு ஆளானவரைத் திருத்துவதற்கென்றே ஓர் அரசாங்க மருத்துவமனை இருந்தது. அதன் ஆய்வுக்கூடத்தில் டாக்டர் ஹாரிஸ் இஸ்பெல், சிறைத் தண்டனை பெற்றிருந்த நோயாளிகளுக்கு எல்.எஸ்.டி. கொடுத்தார். சிலருக்கு 77 நாள் இடைவிடாமல் கொடுத்தார். இசைந்தவருக்குக் கைம்மாறு என்ன தெரியுமா? அவர்கள் எந்தப் போதைப்பொருளிலிருந்து விடுபட அங்கு வந்தார்களோ, அதே பொருள்! இத்தகைய இசைவை இசைவு என்று சொல்லலாமா?

மூன்றாவது, நியூயார்க்கிலும் சான்பிரான்சிஸ்கோவிலும் இருந்த மறைவு வீடுகள். ஜார்ஜ் ஒயிட் என்னும் போதைத் தடுப்பு அதிகாரி அவற்றை நடத்தினார். விலைமாதர் மூலம் ஆண்களை அங்கு வரவழைத்து, அவர்கள் அறியாமல் மருந்து கொடுத்து, ஒருபுறம் மட்டும் தெரியும் கண்ணாடிக்குப் பின்னிருந்து பார்த்தனர். அருகில் மருத்துவர் இல்லை. பின்னர் அவர்கள் உடல் நிலை என்ன ஆயிற்று என்று கேட்பாரும் இல்லை. நாணத்தால் வாய் திறவாதவர் எவரோ, அவரையே தேர்ந்தனர். சான்பிரான்சிஸ்கோ வீடு 1965இலும் நியூயார்க்கு வீடு 1966இலும் மூடப்பட்டன.

நான்காவது, கனடா நாட்டின் மான்ட்ரியல். மக்கில் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆலன் நினைவு மனநல நிலையத்தில் டாக்டர் யூவன் கேமரன் தலைவராக இருந்தார். உலக மனநல மருத்துவர் சங்கத்தின் முதல் தலைவர் என்னும் பெருமை பெற்றவர். பழைய மனப்பாங்கை அடியோடு துடைத்துவிட்டுப் புதியதை எழுதலாம் என்பது அவர் கொள்கை. மனச்சோர்வு என்றும் அச்சம் என்றும் சொல்லி, நலம் பெற வந்தவர்களை வாரக்கணக்கில் மருந்தால் உறங்க வைத்தார். வழக்கத்தினும் பன்மடங்கு மின் அதிர்ச்சி கொடுத்தார். ஒலிநாடாவில் ஒரே வாக்கியத்தை ஓயாமல் கேட்க வைத்தார். பழையது துடைக்கப்பட்டது உண்மை. புதியது எழுதப்படவே இல்லை. தம் பிள்ளைகளின் பெயரையும் மறந்து வீடு திரும்பினோர் உண்டு. சி.ஐ.ஏ.யின் பணம் 1957 முதல் அங்கே சென்றது. கனடா அரசாங்கத்தின் பணமும் சென்றது. 1988இல், வழக்குத் தொடுத்த ஒன்பதின்மருக்கு சி.ஐ.ஏ. 7,50,000 டாலர் தந்து வழக்கை முடித்துக்கொண்டது. 1992இல் கனடா அரசாங்கம் 77 பேருக்குத் தலைக்கு ஒரு லட்சம் கனடா டாலர் அளித்தது.

5. அழித்ததும் எஞ்சியதும்

நிறுவனத்திற்கு உள்ளேயே ஐயம் எழாமல் இல்லை. 1963இல் அதன் தணிக்கைத் தலைவர் ஜான் இயர்மன் ஓர் அறிக்கை எழுதினார். மனித நடத்தையை ஆட்டுவிக்கும் ஆராய்ச்சியை மருத்துவ உலகில் பலர் அறமற்றதாகக் கருதுகின்றனர் என்று அவ்வறிக்கை ஒப்புக்கொள்கிறது. தம்மை அறியாதார் மீது நடத்தும் சோதனையை நிறுத்த வேண்டும் என்றும் கூறுகிறது. திட்டம் பின்னர் வேறு பெயரில் சுருங்கி, 1972இல் முடிந்தது. அந்த வேலையால் உளவுத் தொழிலுக்குப் பயன் மிகக் குறைவு என்று காட்லீப்பே எழுதி வைத்தார்.

1973இன் தொடக்கத்தில், பதவி விலகும் தறுவாயில், ஹெல்ம்ஸ் திட்டத்தின் ஏடுகளை அழிக்கச் சொன்னார். காட்லீப் நிறைவேற்றினார். அவரும் அவ்வாண்டே ஓய்வு பெற்றார். பிறகு தம் துணைவியாருடன் நம் நாட்டிற்கு வந்து, தொழுநோயாளர் மருத்துவமனையில் சில காலம் தொண்டு செய்தார் என்பது வியப்பான செய்தி. மனித உள்ளம் எளிதில் அளந்தறியக்கூடியதன்று என்பதற்கு, அதை அளக்க முயன்றவரே சான்றாக நிற்கிறார்.

1974 டிசம்பரில் சேமூர் ஹெர்ஷ் என்னும் செய்தியாளர், சி.ஐ.ஏ. உள்நாட்டு மக்களையே வேவு பார்த்த செய்தியை 'நியூயார்க்கு டைம்ஸ்' இதழில் வெளியிட்டார். 1975இல் துணைக் குடியரசுத் தலைவர் ராக்பெல்லர் தலைமையில் ஒரு குழுவும், செனட்டர் பிராங்க் சர்ச் தலைமையில் மற்றொரு குழுவும் ஆராய்ந்தன. ஆனால் அவர்கள் கேட்டபோது, ஏடுகள் அழிந்துவிட்டன என்பதே விடை.

அந்நாட்டில் 1966இல் இயற்றப்பட்ட தகவல் சுதந்திரச் சட்டம், 1974இல் வலுவாக்கப்பட்டிருந்தது. வெளியுறவுத் துறையில் பணியாற்றிய ஜான் மார்க்ஸ் என்பவர் அச்சட்டப்படி விண்ணப்பம் செய்தார். விண்ணப்பத்திற்கு விடை தேடிய ஊழியர் ஒருவர், பிறர் தேடாத இடத்தில் தேடினார். 1970இல் கணக்குப் பிரிவு கிடங்கிற்கு அனுப்பிய ஏழு பெட்டிகள் அகப்பட்டன. திட்டக் கோப்புகளோடு இருந்திருந்தால் அவையும் அழிந்திருக்கும். 1977 ஆகஸ்ட் 3ஆம் நாள் செனட் சபைக் குழுக்கள் கூடி விசாரித்தன. மார்க்ஸ் ஏறத்தாழ 16,000 பக்கங்களைப் பெற்று, 1979இல் நூலாக எழுதினார். அண்மையில், 2024 டிசம்பரில், வாசிங்டன் நகரிலுள்ள தேசியப் பாதுகாப்பு ஆவணக்காப்பகம் என்னும் தனியார் ஆய்வு நிலையம், இப்பொருள் பற்றிய 1,200க்கு மேற்பட்ட ஆவணங்களைத் தொகுத்து வெளியிட்டது.

உண்மையை வெளிக்கொணர்ந்தவர் யார்? ஒரு செய்தியாளர், ஒரு விண்ணப்பதாரர், தம் கடமையைச் சரியாகச் செய்த ஒரு கிடங்கு தேடும் ஊழியர், வழக்கப்படி பெட்டி கட்டிய கணக்கர்கள். இவர்களுள் ஒருவர் சோம்பியிருந்தாலும் நாம் இக்கட்டுரையை எழுதவோ படிக்கவோ இயலாது.

6. இவ்வேடுகளைப் படிக்கும் முறை

இனி, மாணவர் கவனிக்க வேண்டிய பகுதிக்கு வருவோம். இத்தகைய ஏடுகளைப் படிப்போர் இருவகைத் தவறு செய்கின்றனர். சிலர், இவையெல்லாம் கட்டுக்கதை என்று தள்ளிவிடுகின்றனர். சிலர், ஏட்டில் இல்லாததையும் இருப்பதாகச் சொல்லி, நாட்டில் நடக்கும் கொலைக்கும் கலகத்திற்கும் இதுவே காரணம் என்று கதை கட்டுகின்றனர். இரண்டும் உண்மைக்குப் பகை. நான்கு விதிகளைக் கைக்கொள்வோம்.

முதல் விதி: ஏடு எவ்வகையது என்று அறிக. எஞ்சியவற்றுள் பெரும்பகுதி பணக்கணக்கு. பணம் யாருக்கு, எப்போது, எவ்வளவு, எந்தத் தலைப்பில் சென்றது என்பதை அது உறுதியாகச் சொல்லும். ஆய்வுக்கூடத்தில் என்ன நடந்தது என்பதை அரைகுறையாகவே சொல்லும்.

இரண்டாம் விதி: எண்ணியதையும் முடித்ததையும் பிரித்தறிக. கொலையாளி ஒருவனைப் பொம்மையாக ஆட்டிவைக்க முடியுமா என்று கேட்டது உண்மை. முடிந்தது என்று ஏடுகள் சொல்லவில்லை. உண்மை விளம்பும் மருந்தும் கிடைக்கவில்லை. எல்.எஸ்.டி. உண்டவன் உண்மையும் பேசினான், பிதற்றவும் செய்தான். இரண்டையும் பிரிக்க வழி இல்லை.

மூன்றாம் விதி: ஒரு சான்றை மற்றொரு சான்றால் ஒத்துப் பார்க்க. வள்ளுவர் பொருட்பாலில் ஒற்றாடல் என ஓர் அதிகாரமே வகுத்தார். ஓர் ஒற்றன் கொணர்ந்த செய்தியை இன்னோர் ஒற்றனைக் கொண்டு ஆராய வேண்டும் என்றும், ஒருவரையொருவர் அறியாத மூவர் சொல் ஒத்திருந்தால் நம்பலாம் என்றும் அதில் அறிவுறுத்துகிறார். அரசனுக்குச் சொன்ன அவ்விதி, வரலாறு படிக்கும் மாணவனுக்கும் பொருந்தும். கணக்கேடு, செனட் சபைச் சாட்சியம், பாதிக்கப்பட்டோர் வாக்கு ஆகிய மூன்றும் ஒத்து வருமிடத்தில் துணிக. ஒவ்வாவிடத்தில் பொறுத்திருக்க.

நான்காம் விதி: கறுப்பு மையையும் படிக்க. வெளியிடப்பட்ட தாள்களில் பெயர்கள் பல அழிக்கப்பட்டுள்ளன. வரி வரியாகக் கறுப்பு. அவ்விடத்தில் நம் கற்பனையை எழுதி நிரப்புதல் கூடாது. ஆனால் எவ்வகைச் செய்தி மறைக்கப்படுகிறது என்பதைக் குறித்துக்கொள்ளலாம். அதுவும் ஒரு சான்றே.

ஒன்றை மட்டும் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். மனத்தை வசப்படுத்தும் முயற்சி தோற்றது என்பதால் குற்றம் குறைந்துவிடாது. பூட்டைத் திறக்க முடியாத திருடன் கதவை உடைத்துவிட்டுப் போனால், பொருள் போகவில்லை என்று வீட்டுக்காரர் மகிழ்வாரா?

7. சட்டம் இருந்தும்

அக்காலத்தில் இவற்றைத் தடுக்க விதி ஏதும் இல்லையா என்று கேட்கலாம். இருந்தது. செர்மனியில் நாசி மருத்துவர்கள் கைதிகள்மீது நடத்திய கொடிய சோதனைகளை விசாரித்த நூரம்பர்க்கு நீதிமன்றம், 1947இல் பத்து விதிகளை வகுத்தது. சோதனைக்கு உட்படுபவர் தாமே அறிந்து, தாமே விரும்பி இசைதல் இன்றியமையாதது என்பதே முதல் விதி. அங்கே நீதி வழங்கியவர் அமெரிக்க நீதிபதிகள். 1953 பிப்ரவரி 26ஆம் நாள் அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சர் சார்லஸ் வில்சன், தம் துறைக்கு அவ்விதிகளை ஏற்று ஆணையிட்டார். ஆனால் அவ்வாணையே மிக இரகசியம் என முத்திரை இடப்பட்டது. 1975 வரை வெளிவரவில்லை! காக்க வேண்டிய விதியை யாரும் பார்க்க முடியாதபடி பூட்டி வைத்தால், அது யாரைக் காக்கும்? அந்த ஆணை பிறந்து ஏழு வாரத்திற்குள் எம்.கே.அல்ட்ரா பிறந்தது.

படையிலும் இதுபோன்ற சோதனைகள் தனியே நடந்தன. ஜேம்ஸ் ஸ்டான்லி என்னும் படைவீரர், நச்சுப்புகையைத் தடுக்கும் உடைகளைச் சோதிப்பதாக எண்ணி 1958இல் முன்வந்தார். அவர் அறியாமல் எல்.எஸ்.டி. கொடுத்தனர். குடும்ப வாழ்வு குலைந்தது; காரணம் தெரியவில்லை. 1975இல் படையிலிருந்து ஒரு கடிதம் வந்தது. எல்.எஸ்.டி. சோதனையில் பங்கு கொண்டவர்களின் பின்னாள் உடல்நிலையை ஆராய்கிறோம், வந்து ஒத்துழையுங்கள் என்று அதில் எழுதியிருந்தது. அப்போதுதான் அவருக்கு உண்மை தெரிந்தது. அவர் வழக்குத் தொடுத்தார். 1987இல் உச்ச நீதிமன்றம், ஐவருக்கு நால்வர் என்னும் கணக்கில், படைப்பணியின்போது நேர்ந்ததற்கு ஈடு கேட்டு வழக்காட இயலாது என்று தீர்ப்பளித்தது. 1985இல் அதே நீதிமன்றம், எம்.கே.அல்ட்ரா ஆய்வாளர் பெயர்களை சி.ஐ.ஏ. மறைத்து வைக்கலாம் என்றும் தீர்ப்பளித்திருந்தது. அந்தக் கறுப்பு மை இன்னும் முழுதும் நீங்காமைக்கு இதுவும் ஒரு காரணம்.

8. நமக்குரிய பாடம்

இவையெல்லாம் கடல் கடந்த நாட்டுச் செய்தி; நமக்கென்ன என்று இருந்துவிடலாகாது. நாம் கல்விக்கூடத்தில் இருக்கிறோம். நாளை ஆய்வுக்கூடத்தில் இருப்போம். நம்முள் மருத்துவர், வேதியியலார், உளவியலார், கணக்கர், வழக்கறிஞர் எல்லாரும் உருவாவர். இக்கதையில் வந்தவர்களும் ஒரு காலத்தில் நம்மைப் போல் பட்டம் பெறக் கனவு கண்ட மாணவர்களே.

மக்கில் பல்கலைக்கழகத்தில் 1950ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் மற்றொரு சோதனை நடந்தது. பேராசிரியர் டொனால்டு ஹெப், கனடா பாதுகாப்பு ஆராய்ச்சி வாரியத்தின் பணத்தில் அதை நடத்தினார். கல்லூரி மாணவர்களுக்கு நாளொன்றுக்கு 20 டாலர் கொடுத்து, கண்ணும் காதும் கையும் மறைத்து, ஒன்றும் செய்யாமல் படுத்திருக்கச் சொன்னார். அந்நாளில் அது நல்ல கூலி. ஆயினும் இரண்டு மூன்று நாளுக்குமேல் பொறுத்தவர் சிலரே. இல்லாத உருவங்கள் அவர்கள் கண்ணில் தோன்றின. வேண்டாம் என்று எழுந்து போக அவர்களுக்கு உரிமை இருந்தது. அவ்வாய்வின் முடிவுகளோ, 1963இல் சி.ஐ.ஏ. எழுதிய 'குபார்க்' என்னும் விசாரணைக் கையேட்டில் இடம்பெற்றன. 1997இல் அக்கையேடு வெளிவந்தது. எழுந்து போக உரிமை இல்லாத கைதிகளை விசாரிக்க, கூலி பெற்ற மாணவரின் துன்பம் பாடமாயிற்று. ஆராய்ச்சி எங்கே முடியும் என்பதைத் தொடங்குபவன் முழுதும் அறிய மாட்டான். ஆதலால், யார் பணம், எதற்காக, முடிவு யாருக்கு என்று தொடக்கத்திலேயே கேட்டுவிடுதல் நம் கடமை.

நம் நாட்டில் 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. அதன் 24ஆம் பிரிவு உளவு அமைப்புகளுக்கு விலக்கு அளிக்கிறது. ஆயினும் ஊழல் பற்றியதும் மனித உரிமை மீறல் பற்றியதுமான செய்திகளை அவ்விலக்கு மூடாது என்று அப்பிரிவே கூறுகிறது. அந்தச் சிறு வாயிலின் அருமையை இவ்வரலாறு படித்தவர் உணர்வர். கேட்கத் தெரிந்த குடிமகன் இல்லாத நாட்டில் எந்தச் சட்டமும் ஏட்டுச் சுரைக்காயே.

மருத்துவம் பயிலும் நண்பர் இசைவுப் படிவத்தில் கையொப்பம் வாங்கும்போது, அதை வெறும் தாள் என்று எண்ணாதிருப்பாராக. லெக்சிங்டன் நோயாளியையும் மான்ட்ரியல் தாயையும் ஒரு நொடி நினைப்பாராக. அலுவலகத்தில் கணக்கெழுதப் போகும் நண்பர் தம் தொழிலைச் சிறிதென்று எண்ணாதிருப்பாராக. அறிஞர் 185 பேர் பேசாதிருந்தபோது, பேசியது ஒரு பற்றுச்சீட்டு.

படிப்பு வட்டத்தில் ஆராயச் சில வினாக்கள்

1. அறியாமல் இசைவதும், வேறு வழியின்றி இசைவதும் இசைவாகுமா? லெக்சிங்டன் செய்தியைக் கொண்டு விளக்குக.

2. இரகசியமாக வைக்கப்பட்ட நல்ல விதிக்குப் பயன் உண்டா? 1953 பிப்ரவரி ஆணையைக் கொண்டு ஆராய்க.

3. அழிக்கப்பட்ட ஏடுகளைப் பற்றி வரலாற்று மாணவன் எந்த அளவு பேசலாம்? எங்கே நிறுத்த வேண்டும்?

4. உங்கள் துறையில் நடைபெறும் ஆய்வு ஒன்றுக்குப் பணம் தருவோர் யார் என்று கேட்டறிந்து, அடுத்த கூட்டத்தில் கூறுக.